சென்னைக் காசநோய் ஆய்வுகூடம்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காசநோய்க் கிருமி என்றதும் றொபேட் கொக் என்ற பெயரும், ஸ்ரெப்ரோமைசின் என்றதும் வாக்ஸ்மன் என்ற பெயரும் நினைவுக்கு வருகின்றன. நோய்க்கொரு பெயர், மருந்துக்கொரு பெயர் என்றவாறு அமைந்த இவ்வரலாற்றில் ஆய்வுகூடத்தின் அன்றாட வாழ்வு இடம்பெறுவதில்லை. முட்டை உடைத்தவர்கள், கண்ணாடித் தகடுகளைக் கழுவியவர்கள், எட்டு வாரங்கள் காத்திருந்து ஒரு குழாயில் ஒன்றும் வளரவில்லை என்று குறித்து வைத்தவர்கள் ஆகியோரின் உழைப்பு வரலாற்றின் ஓரத்திலேனும் குறிக்கப்பட்டதில்லை.

ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய ஒரு முடிவு, அத்தகைய அன்றாட உழைப்பின் மீதே எழுந்தது. அம்முடிவு தமிழ் வழங்கும் ஒரு பெருநகரில், அந்நகரின் ஏழைக் குடும்பங்களின் வீடுகளை ஆதாரமாகக் கொண்டு எட்டப்பட்டது என்பது நமக்கு மேலும் கருத்தூன்றத்தக்கதாகும். சென்னையில் 1956 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட காசநோய் இரசாயனச் சிகிச்சை நிலையத்தின் பணியையும், அதன் ஆய்வுகூட வாழ்வையும், அங்கு எட்டப்பட்ட முடிவு பின்னர் உலகால் எவ்வாறு கையாளப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்றும் ஓய்வும் உணவும்

1882 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் நாள் பேர்லின் நகர உடற்றொழிலியற் கழகத்தின் கூட்டத்தில் கொக் தமது கண்டுபிடிப்பை வெளியிட்டார். காசநோய் பரம்பரைக் குறைபாடோ, மனத்துயரின் விளைவோ அன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோலுருப் பற்றீரியமே அதற்குக் காரணம் என்பதை அவர் நிறுவினார். இக்கிருமியைச் சாயமேற்றிக் காண்பதும், உடலுக்கு வெளியே வளர்ப்பதும் கடினமானவை. மெழுகுத்தன்மை கொண்ட அதன் உறை சாதாரண சாயங்களை ஏற்பதில்லை. அது வளரும் வேகமோ மிகக் குறைவு. குடலில் வாழும் சாதாரண பற்றீரியம் ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறத்தாழ 20 மணித்தியாலங்கள் வேண்டும். பிற கிருமிகளை ஓரிரு நாள்களில் வளர்த்துப் பழகியவர்கள் ஒன்றும் வளரவில்லை என்று கைவிட்ட இடத்திலேதான், மேலும் சில வாரங்கள் பொறுத்திருந்த கொக் வெற்றி கண்டார். காசநோய் ஆய்வுகூடத்தின் முதற் கருவி நுணுக்குக்காட்டியன்று, பொறுமையே எனலாம்.

நோயின் காரணம் தெரிந்தமையால் நோய் தீர்ந்துவிடவில்லை. 1890 இல் கொக் தாமே அறிவித்த 'தியூபர்குலின்' என்னும் மருந்து பெரும் நம்பிக்கையை எழுப்பிச் சில மாதங்களிலேயே பெரும் ஏமாற்றமாக முடிந்தது. எனவே, அதற்கு முன்பிருந்தே செல்வாக்குப் பெற்றிருந்த ஆரோக்கியசாலை முறையே தொடர்ந்தது. 1850களில் ஹேர்மன் பிறேமர் சிலேசியாவின் மலைக்கிராமமான கேர்பர்ஸ்டோர்பில் தொடங்கிய இம்முறை, தூய காற்று, நீண்ட ஓய்வு, நிறைந்த உணவு என்னும் மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது. தென்னிந்தியாவில் டேவிட் சௌரிமுத்து 1928 இல் தாம்பரத்தில் நிறுவிய ஆரோக்கியசாலையும், அதற்கு முன்பே 1915 இல் மதனப்பள்ளியில் திருச்சபைகள் நிறுவிய ஆரோக்கியசாலையும் இம்மரபின் கிளைகளாகும்.

இம்முறையில் ஒரு சமூகக் கேள்வி மறைந்திருந்தது. மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பிரிந்து படுக்கையில் கிடக்கக்கூடியவர் யார்? கூலிக்காரனின் குடும்பம் அவன் அன்றாடம் ஈட்டும் கூலியில் வாழ்வது. தாய் ஆரோக்கியசாலைக்குச் சென்றால் குழந்தைகளை யார் பார்ப்பது? மேலும் 1950களில் இந்தியாவில் காசநோயாளர் பல இலட்சக்கணக்கில் இருந்தனர். அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ ஆயிரக்கணக்கிலேயே இருந்தன. ஆரோக்கியசாலையே ஒரே வழி எனின் நோயாளரிற் பெரும்பாலோருக்கு வழியே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

மருந்துகளின் வருகை

1943 இல் அமெரிக்காவின் றட்கர்ஸ் கல்லூரியில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதனை மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து முதலிற் பிரித்தெடுத்தவர், கட்டடத்தின் அடித்தள அறையொன்றில் இரவு பகலாக உழைத்த அல்பேட் ஷாற்ஸ் என்னும் ஆய்வு மாணவராவார். 1952 இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. தமது பங்கை நிலைநாட்ட ஷாற்ஸ் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. ஆய்வுகூட உழைப்பு எவ்வாறு மறக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்ரெப்ரோமைசினைத் தொடர்ந்து 'பாஸ்' எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட பாரா அமினோ சலிசிலிக் அமிலமும், 1952 இல் ஐசோநியாசிட்டும் பயன்பாட்டுக்கு வந்தன. ஒரு மருந்தைத் தனியே கொடுப்பின் கிருமிகள் விரைவில் அதனை எதிர்க்கும் ஆற்றல் பெறுகின்றன; இரண்டைச் சேர்த்துக் கொடுப்பின் அது பெரிதும் தடுக்கப்படுகின்றது என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. இக்காலத்தில் மருந்துகளை விடவும் நிலைத்த பயன் தந்தது ஒரு முறையியலாகும். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஸ்ரெப்ரோமைசின் பற்றி நடத்தி 1948 இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளிவிபரவியலாளரான ஒஸ்ரின் பிறட்போர்ட் ஹில், நோயாளரை இரு பிரிவாக வகுக்கும் பொறுப்பை வைத்தியரின் விருப்பத்திற்கு விடாது தற்செயலுக்கு விட்டார். எந்த நோயாளர் எந்தப் பிரிவுக்குச் செல்வார் என்பதை வைத்தியர் முன்கூட்டி அறிய முடியாது. பரிவாலோ விருப்பு வெறுப்பாலோ முடிவு திரிபுறாதிருக்க இதுவே வழியாகும். சென்னை ஆய்வின் வேர் இம்முறையியலிலேயே உள்ளது.

சென்னையில் எழுந்த கேள்வி

ஐசோநியாசிட்டும் பாசும் வாயால் உட்கொள்ளக்கூடிய மருந்துகள். எனவே ஒரு கேள்வி இயல்பாகவே எழுந்தது: இம்மருந்துகளை நோயாளர் தம் வீட்டிலிருந்தே உட்கொண்டால் ஆரோக்கியசாலையில் கிடைக்கும் அதே பயன் கிடைக்குமா? இதனை ஆராயவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் இணைந்து 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் அந்நிலையத்தை அமைத்தன. இங்கிலாந்திலிருந்து வந்த வலஸ் பொக்ஸ் தொடக்க ஆண்டுகளில் ஆய்வை வழிநடத்தினார். நுண்ணுயிரியல் நெறிமுறைகளை வகுப்பதில் இலண்டனைச் சேர்ந்த டெனிஸ் மிச்சிசனின் பங்கு பெரிது. சி. வி. இராமகிருஷ்ணன், எஸ். வேலு, எஸ். தேவதத்தா, பி. ஆர். ஜே. கங்காதரம், புள்ளிவிபரவியலாளர் எஸ். இராதாகிருஷ்ணா முதலிய இந்திய அறிஞர்கள் இப்பணியின் தூண்களாக விளங்கினர்.

நகரின் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர் முதல் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். தற்செயல் முறையில் ஒரு பகுதியினர் ஆரோக்கியசாலைக்கு அனுப்பப்பட்டனர். மறு பகுதியினர் வீட்டிலேயே வைக்கப்பட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டு காலம் அதே இரு மருந்துகள் வழங்கப்பட்டன. எவ்விதத்தில் நோக்கினும் இது சமமற்ற போட்டியாகவே தோன்றியது. ஒரு புறம் காற்றோட்டமான அறை, படுக்கை ஓய்வு, சத்துள்ள உணவு, தாதியரின் கவனிப்பு. மறுபுறம் நெருக்கமான குடிசை, குறைந்த உணவு, மூத்தோரும் குழந்தைகளும் ஒன்றாக உறங்கும் ஒரே அறை, உடல் சற்றுத் தேறியதும் தொடங்கிவிடும் வேலை.

இவ்விரு பிரிவினருக்கும் இடையே நடுவராக அமர்ந்தது ஆய்வுகூடம். நோயாளர் தேறிவிட்டதாக உணர்வது சான்றாகாது. எடை கூடுவதும் சான்றாகாது. சளியில் உயிருள்ள கிருமி உண்டா இல்லையா என்பதே இறுதித் தீர்ப்பு. எக்ஸ்-கதிர்ப்படங்களை, நோயாளர் எப்பிரிவினர் என்பதை அறியாத புறமதிப்பீட்டாளர் ஒருவர் பார்வையிட்டார். சளியோ ஓர் எண்ணைத் தாங்கிய புட்டியாகவே ஆய்வுகூட மேசையை அடைந்தது. அது குடிசையிலிருந்து வந்ததா ஆரோக்கியசாலையிலிருந்து வந்ததா என்பதைக் கிருமி பார்ப்பதில்லை. கிருமியைத் தேடுபவரும் பார்க்கலாகாது.

மேசையில் நிகழ்ந்தவை

காசநோய் ஆய்வுகூடத்தின் ஒரு நாள் சமையலறையின் நாளைப் போன்றே தொடங்குகின்றது. கிருமியை வளர்ப்பதற்குரிய லோவென்ஸ்ரைன்–ஜென்சன் வளர்ப்பூடகத்தின் முதன்மையான பொருள் கோழிமுட்டை. புதிய முட்டைகளைச் சவர்க்கார நீரிற் கழுவி, அற்ககோலில் தோய்த்து, ஒவ்வொன்றாக உடைத்துக் கலக்கி, மென்துணியில் வடிகட்ட வேண்டும். ஏறத்தாழ 1 லீற்றர் முட்டைக் கலவைக்கு 600 மில்லிலீற்றர் உப்புக்கரைசலும், 20 மில்லிலீற்றர் மலகைற் பச்சைக் கரைசலும் சேர்க்கப்படும். இப்பச்சைச் சாயம் பிற கிருமிகளின் வளர்ச்சியை அடக்குகின்றது. பின்னர் இக்கலவை சிறு புட்டிகளில் ஊற்றப்பட்டு, சாய்த்து வைக்கப்பட்டு, ஏறத்தாழ 85 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுகும்வரை சூடாக்கப்படும். வெப்பம் மிகின் ஊடகம் துளை விழுந்து கெடும், குறையின் இறுகாது. மருந்தூட்டப்பட்ட கோழியின் முட்டையாயின் கிருமி வளராது. அவ்வாறு வளராமை நோயாளர் குணமடைந்தமையால் என்று தவறாகக் கொள்ளப்படும். ஒரு முட்டையின் குறை ஒரு மனிதரைப் பற்றிய பொய்யாக மாறிவிடக்கூடும் என்பதே இப்பணியின் நுட்பமான அபாயமாகும்.

அடுத்தது சளி. சளியில் காசநோய்க் கிருமி தனித்து வாழ்வதில்லை; வாயிலும் தொண்டையிலும் வாழும் எண்ணற்ற பிற கிருமிகளும் உடன் வருகின்றன. விரைந்து வளரும் அவை சில நாள்களில் ஊடகத்தை மூடிவிடும். எனவே சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலால் சளி கரைக்கப்பட்டு, மையநீக்கியிற் சுழற்றப்பட்டு, அடியில் தங்கும் வண்டல் எடுக்கப்படுகின்றது. காரம் பிற கிருமிகளைக் கொல்லும். மெழுகுறை பூண்ட காசநோய்க் கிருமி சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஆனால் சற்றுத்தான். சில நிமிடங்கள் கூடுதலாக விட்டுவிடின் அதுவும் இறந்துபோம். குறைத்துவிடின் பிற கிருமிகள் எஞ்சும். இவ்விரு தவறுகளுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியிலேயே ஆய்வுகூட உழைப்பாளர் நாள்தோறும் நடந்தனர்.

நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்தவரின் பணி வேறுவகையானது. சீல்–நீல்சன் முறையில் தகட்டிற் பரப்பிய சளி, சூடேற்றிய செஞ்சாயத்தால் நிறமூட்டப்படும்; பின்னர் அமிலம் கலந்த அற்ககோலால் கழுவப்படும். ஏனைய அனைத்தும் நிறமிழக்கக் காசநோய்க் கிருமி மட்டும் செந்நிறத்தை விடாது பற்றி நிற்கும். மெதிலீன் நீலத்தால் பின்னணி நீலமாக்கப்பட்டதும் நீல வெளியில் மெல்லிய செங்கோல்கள் தென்படும். ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளேனும் இருந்தாலன்றி இவ்வாறு காண்பது அரிது. குறைந்தது 100 பார்வைப் புலங்களை ஆராய்ந்த பின்னரே 'இல்லை' என எழுத வேண்டும். களைத்த கண் இல்லாததைக் கண்டுவிடும், உள்ளதைத் தவறவிடும் என்பதனால், ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 20 முதல் 25 தகடுகளுக்கு மேற் பார்த்தலாகாது என்பது வழிகாட்டு நெறியாயிற்று. சென்னை நிலையம் ஒளிர்சாயமூட்டிக் காணும் முறையையும் தொடக்க ஆண்டுகளிலேயே ஆராய்ந்து பயன்படுத்தியது.

இவையனைத்தும் முடிந்த பின் எஞ்சியது காத்திருத்தல். 37 பாகை வெப்பத்தில் வைக்கப்பட்ட புட்டிகள் வாரந்தோறும் எடுத்துப் பார்க்கப்படும். மூன்று நான்கு வாரங்களில் வெளிறிய மஞ்சள் நிறமான, உலர்ந்த, சொரசொரப்பான திரள்கள் தோன்றலாம். தோன்றாவிடின் எட்டு வாரம் வரை பொறுத்திருத்தல் வேண்டும். தை மாதம் வந்த சளி பற்றிய தீர்ப்பைப் பங்குனியிலேயே கூற முடியும். அதற்குள் ஒரு புட்டியின் எண் அழிந்தாலோ, இரண்டு புட்டிகள் இடம் மாறினாலோ மீண்டும் செய்து பார்க்க வழியில்லை. அந்நாளின் சளி இனிக் கிடைக்காது.

இத்தகைய கவனம் வெறும் ஒழுங்கன்று என்பதற்கு 1930 இல் ஜேர்மனியின் லூபெக் நகரில் நிகழ்ந்த பேரவலம் சான்றாகும். அங்கு தடுப்பு மருந்து தயாரித்த ஆய்வுகூடமொன்றில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி தடுப்பு மருந்துடன் கலந்துவிட்டது. அதனை உட்கொண்ட சிசுக்களில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆபத்து ஆய்வுகூடத்தில் உழைத்தவர்களையும் விடவில்லை. புட்டியைத் திறக்கையிலும், மையநீக்கியிற் குழாய் உடைகையிலும், சூடான கம்பி வளையம் சளியைத் தெறிக்கையிலும் கிருமி காற்றிற் கலக்கின்றது. மருத்துவ ஆய்வுகூட ஊழியரிடையே காசநோய் பிறரினும் அதிகமாகக் காணப்படுவதை 1957 இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. பிறர் மூச்சைக் காக்கும் பணியிலிருந்தோர் தம் மூச்சை ஈடுவைத்தே அதனைச் செய்தனர்.

வீடும் ஆய்வுகூடமும்

சென்னை ஆய்வின் சிறப்பு, ஆய்வுகூடம் அதன் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடவில்லை என்பதாகும். மருந்தைக் கொடுத்துவிட்டால் நோயாளர் அதனை உட்கொள்வார் என்று நம்புவது அறிவியலன்று என்பதை வலஸ் பொக்ஸ் நன்கு உணர்ந்திருந்தார். பாஸ் கசப்பானது, நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், குமட்டலும் வயிற்றுக் கோளாறும் தருவது. இருமல் நின்று காய்ச்சல் தணிந்ததும் நோயாளர் மருந்தை நிறுத்திவிடுவது மனித இயல்பே. எனவே சுகாதார ஊழியர்கள் முன்னறிவித்தலின்றி வீடுகளுக்குச் சென்றனர். எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீர் மாதிரி பெற்று வந்தனர். சிறுநீரில் பாஸ் உண்டா என்பதை எளிய நிறமாற்றச் சோதனையொன்றால் ஆய்வுகூடம் கண்டறிந்தது.

இதனை வெறும் கண்காணிப்பு எனக் கொள்வது பொருந்தாது. ஊழியர் சந்துகளின் வழியே நடந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வேலைக்குப் போக வேண்டியவரின் நேரத்தையும், மருந்து ஏன் குமட்டுகின்றது என்ற முறைப்பாட்டையும், குழந்தைகளின் நலத்தையும் கேட்டறிந்தனர். நோயாளரும் வாரந்தோறும் நிலையத்திற்கு வந்து மருந்து பெற்றனர். குடும்பத்தினரும் பரிசோதிக்கப்பட்டனர். வீட்டுச் சிகிச்சை என்பது நோயாளரை வீட்டில் விட்டுவிடுவதன்று, நிலையமே வீட்டுக்குச் செல்வதாகும் என்பதை இந்நடைமுறை உணர்த்துகின்றது.

இக்காலத்தில் ஆய்வுகூடம் எதிர்பாராத சிலவற்றையும் கண்டது. தென்னிந்திய நோயாளரிடமிருந்து பெறப்பட்ட கிருமி வகைகளிற் பல, கினிப்பன்றிகளில் பிரித்தானியக் கிருமிகளை விடக் குறைந்த வீரியமே காட்டின. ஆயினும் அந்நோயாளரின் நோய் இலேசானதாக இருக்கவில்லை. ஐசோநியாசிட்டை உடல் செயலிழக்கச் செய்யும் வேகம் மனிதருக்கு மனிதர் பரம்பரையாக வேறுபடுவதையும், அவ்வேறுபாடு சிகிச்சைப் பயனை எப்போது பாதிக்கும் என்பதையும் அந்நிலையத்தினர் தொடர்ந்து ஆராய்ந்தனர். மேலைநாட்டிற் கண்ட முடிவுகளை அப்படியே பெயர்த்து நடாது, இம்மண்ணின் நோயை இம்மண்ணிலேயே ஆராய வேண்டியதன் தேவையை இவை மெய்ப்பித்தன.

1959 இன் முடிவு

1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வேட்டில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் ஆரோக்கியசாலையில் இருந்தோரில் 92 சதவீதத்தினரும், வீட்டில் இருந்தோரில் 86 சதவீதத்தினரும் சளியில் கிருமியற்றவராய் நோய் தணிந்த நிலையை அடைந்திருந்தனர். இவ்வேறுபாடு சிறிது. ஆரோக்கியசாலையில் இருந்தோர் நன்கு உண்டு எடை கூடினர். வீட்டில் இருந்தோர் அந்த அளவு கூடவில்லை. எனினும் கிருமி அழிவதில் இரு சாராரும் ஏறத்தாழ ஒத்தே நின்றனர். பின்னர் ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தபோதும் வீட்டுச் சிகிச்சை பெற்றோர் நலிவடைந்தாரல்லர்.

எல்லாவற்றினும் முக்கியமானது குடும்பத்தைப் பற்றிய முடிவாகும். நோயாளரை வீட்டில் வைத்தால் குழந்தைகளுக்குத் தொற்றும் என்பதே ஆரோக்கியசாலை முறையின் வலிமையான வாதமாயிருந்தது. ஆனால் வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பங்களில், ஆரோக்கியசாலை சென்றோரின் குடும்பங்களை விட அதிகமாக நோய் தோன்றவில்லை. தொற்றின் பெரும்பகுதி நோய் கண்டறியப்படு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. மருந்து தொடங்கியதும் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகின்றது என்பதே இதிலிருந்து பெறப்பட்ட விளக்கம். தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்பதை முட்டை ஊடகத்தில் ஒன்றும் வளராத அந்தப் புட்டிகள் கூறின. நூறாண்டு மரபொன்று இவ்வாறு சரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் உலகின் பல நாடுகளில் ஆரோக்கியசாலைகள் படிப்படியாக மூடப்பட்டன அல்லது வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டன.

பாதியாகக் கற்ற பாடம்

சென்னை ஆய்வு இரண்டு கூற்றுகளைக் கொண்டது. ஒன்று, வீட்டிலேயே குணமாக்கலாம் என்பது. மற்றது, மருந்து தடையின்றிக் கிடைத்து, அது உட்கொள்ளப்படுவது உறுதிசெய்யப்பட்டு, சளி ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டால் மட்டுமே அவ்வாறு குணமாக்கலாம் என்பது. முதற் கூற்று செலவைக் குறைப்பது. இரண்டாவது செலவையும் உழைப்பையும் வேண்டுவது. அரசுகள் முதலாவதை மகிழ்ந்து ஏற்றன. இரண்டாவதை எளிதில் மறந்தன.

1962 இல் இந்தியாவில் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், சென்னை நிலையத்தின் முடிவுகளையும், 1959 இல் பெங்களூரில் அமைந்த தேசிய காசநோய் நிறுவனத்தின் ஆய்வுகளையும் அடிப்படையாகக் கொண்டது. கருத்தளவில் அது சிறந்த திட்டம். ஆயினும் 1992 இல் நடந்த மீளாய்வு அதன் குறைகளை வெளிப்படுத்தியது: நிதி போதவில்லை, மருந்துத் தட்டுப்பாடு நிலவியது, சளிப் பரிசோதனையை விட எக்ஸ்-கதிர்ப்படத்திற்கே முதன்மை தரப்பட்டது, நோயாளரிற் பெருந்தொகையினர் சிகிச்சையை நிறைவு செய்யவில்லை. இடையில் நின்ற சிகிச்சை எவ்வித சிகிச்சையுமின்மையை விடச் சிலவேளை கொடியது. ஏனெனில் அது மருந்தை எதிர்க்கும் கிருமியை உருவாக்குகின்றது.

சென்னை நிலையமோ இக்குறையை முன்னரே உணர்ந்து விடை தேடியிருந்தது. நாள்தோறும் மருந்து விழுங்குவதை உறுதிசெய்வது கடினம் என்பதனால், வாரத்தில் இருமுறை ஊழியரின் முன்னிலையில் ஸ்ரெப்ரோமைசினும் ஐசோநியாசிட்டும் தரும் முறையை ஆராய்ந்து, அதன் பயனை 1964 இல் வெளியிட்டது. 1993 இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய அவசர நிலையாக அறிவித்ததன் பின், நேரடிக் கண்காணிப்பில் மருந்தூட்டும் முறை உலகெங்கும் பரவியது. அதன் கருவினை முப்பது ஆண்டுகளுக்கு முந்திய சென்னையிற் காணலாம்.

உணவு பற்றிய மறுவாசிப்பு

மற்றொரு பாடமும் பிழையாகக் கற்கப்பட்டது. குறைந்த உணவு உண்ட நோயாளரும் மருந்தால் குணமடைந்தனர் என்பதே சென்னை ஆய்வின் கூற்று. இதனைப் பலர் காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்று விரித்துக்கொண்டனர். ஆய்வு கேட்ட கேள்வி ஒன்று. அதன் பெயரால் சொல்லப்பட்ட விடை வேறொன்று. குணமடைவதற்கு நல்லுணவு இன்றியமையாததா என்பது வேறு. நோய் வராது காப்பதில் உணவுக்குப் பங்குண்டா என்பது வேறு.

இப்பிழையைத் திருத்துவதிலும் அதே நிலையத்திற்குப் பங்கு கிடைத்தமை வரலாற்றின் பொருத்தமான நிகழ்வாகும். 1978 இல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் எனவும், 2011 இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் மாற்றம் பெற்ற அந்நிறுவனமும் பங்குகொண்ட ஆய்வொன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்று 2023 இல் வெளியாயிற்று. நோயாளரின் குடும்பத்தைச் சேர்ந்த 10,345 பேர் அதிற் கவனிக்கப்பட்டனர். உணவுப் பொருள்கள் வழங்கப்பட்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 சதவீதத்தாற் குறைந்தது. 1959 இன் முடிவு பொய்யாகவில்லை. அதன் எல்லை இப்போது தெளிவாயிற்று. மருந்து நோயாளரைக் குணமாக்கும். வறுமை தொடரும் வரை அவர் வீட்டிலிருந்து அடுத்த நோயாளர் வந்துகொண்டேயிருப்பர்.

முடிவுரை

இன்று காசநோய் ஆய்வுகூடத்தின் தோற்றம் பெரிதும் மாறியுள்ளது. 2010 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட மரபணுச் சோதனைக் கருவி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் கிருமி உண்டா, அது றிபாம்பிசின் என்னும் முதன்மை மருந்தை எதிர்க்குமா என்பதைக் கூறிவிடுகின்றது. எட்டு வாரக் காத்திருத்தல் பல இடங்களில் நினைவாகி வருகின்றது. எனினும் 2023 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.5 இலட்சம் மக்கள் காசநோயால் இறந்தனர். நோயைக் காணும் கருவியும் தீர்க்கும் மருந்தும் கைவசமிருக்கையிலேயே இது நிகழ்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

சென்னை ஆய்வுகூடத்தின் வரலாறு இவ்விடத்திலேயே பயன்படுகின்றது. வறியவரின் வீடு நோயின் இருப்பிடம் மட்டுமன்று, குணத்தின் இடமாகவும் இருக்க முடியும் என்பதை அது சான்றுடன் நிறுவியது. அச்சான்று ஒருவரின் மேதைமையால் மட்டும் உருவானதன்று. முட்டை உடைத்தவர், தகடு பார்த்தவர், புட்டியில் எண் எழுதியவர், சந்துகளில் நடந்து மருந்தை எண்ணியவர் ஆகிய பலரின் ஒழுங்கான உழைப்பால் உருவானது. அவர்களின் உழைப்பு நின்றுபோன இடங்களில் அதே மருந்து தோற்றது. தொடர்ந்த இடங்களில் வென்றது. ஆகவே இவ்வரலாற்றில் மருந்தின் பெயரோடு அவ்வுழைப்பையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். அதனை விட்டு எழுதப்படும் வரலாறு குறையுடையது மட்டுமன்று, அதனைப் பின்பற்றி வகுக்கப்படும் திட்டங்களும் குறையுடையனவாகவே அமையும்.